இரண்டு கார்களும் கடையத்து மாப்பிள்ளையும்

கடையம் பண்ணையாருக்கு ஒரே மகன். பெயர் சிவசைலநாதன். மதராஸில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஆபீஸராக இருந்தான். ஆபீஸர் என்றால் என்ன வேலை என்று அவனிடமே ஒரு தரம் கேட்டேன். பதில் சொல்லப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். கடைசியில் எனக்கும் புரியவில்லை, அவனுக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை.

இந்த ஆபீஸருக்கு வாசுதேவநல்லூர் அரிசி மில் முதலாளி ஆறுமுகநயினாரின் மகளைப் பேசியிருந்தார்கள். நகை, பாத்திரம், கல்யாணச் செலவு எல்லாம் பேசி முடித்த பிறகு, வெற்றிலை போட்டுக்கொண்டே பண்ணையார் சொன்னாராம்: "எங்களுக்குன்னு ஒண்ணும் கேக்கல. உங்க பொண்ணு மதராஸ்ல பஸ்ல இடிபட்டா நல்லாவா இருக்கும்? ஒரு காரு வாங்கிக் குடுத்திருங்க. சின்ன வண்டி வேண்டாம். ஒரு மதிப்பு வேணும்லா."

மதிப்பு! பண்ணையார் அதுவரை வில் வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தார். அதில் மதிப்பு குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

நயினார் என்னைத் தேடி வந்தார். நான் முகம்மது கனி. கொழும்பில் எட்டு வருஷம் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, தென்காசியில் குற்றாலம் போகிற ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டிருந்தேன். நயினாரின் மில்லில் ஆயில் இஞ்சின் மக்கர் செய்தால் எனக்குத்தான் ஆள் வரும்.

"வே கனி, ரெண்டு வண்டி விலைக்கு வருது. எத வாங்கலாம்னு நீருதான் சொல்லணும்" என்றார்.

"ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. நம்ம நாட்டுல செய்யுத வண்டி ஒண்ணு புதுசா புக் பண்ணுங்க. பார்ட்ஸ் மதுரைல கெடைக்கும். நான் உசுரோட இருக்குத வரைக்கும் ஓடும்."

"அது டாக்சிக்காரன் வாங்குத வண்டிவே. பையன் மூஞ்சியச் சுளிச்சிட்டான்."

சுளிக்கத்தானே செய்வான். வாங்கப்போவது மாமனார் அல்லவா?

அது 1958. வெளிநாட்டுக் கார் புதிதாக இறங்குவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் விற்றால்தான் உண்டு. தென்காசியில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். இலங்கையில் ஜவுளி வியாபாரம் செய்த துல்கர்னைன் முதலாளியிடம் ஓர் அமெரிக்க வண்டி. வக்கீல் ராமசேஷனிடம் ஓர் இங்கிலீஷ் வண்டி. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. வண்டிகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

அமெரிக்க வண்டிக்கு எட்டு சிலிண்டர். மேட்டைக் கண்டால் அதற்கு மேடு என்றே தெரியாது. முன்சீட்டில் மூன்று பேர் சம்மணம் போட்டு உட்காரலாம். உட்கார்ந்தால் இலவம்பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே வாங்கிக்கொள்ளும். நிக்கல் பூச்சு கண்ணைப் பறிக்கும். பெட்ரோலை மட்டும் கோடைக்கால மாடு கழுநீர் குடிப்பதுபோல் குடிக்கும். வளைவில் திரும்பினால் உடம்பு ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகப் போகும்.

இங்கிலீஷ் வண்டிக்கு ஆறு சிலிண்டர். இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று பானெட்டில் கை வைத்துத்தான் பார்க்கவேண்டும். டாஷ்போர்டு முழுக்க மெருகேற்றிய மரம். சீட்டு அசல் தோல். கதவைச் சாத்தினால் இரும்புப்பெட்டி சாத்துகிற சத்தம். சாலையைப் பிடித்துக்கொண்டு போகும். ஆனால் கொஞ்சம் சுகவாசி. பொறுமையாக, கியர் பார்த்து ஓட்டவேண்டும். முரட்டுத்தனம் செய்தால் கோபித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் நான் என் ஒர்க்ஷாப்பில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிஷத்தில் நயினாரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் மாப்பிள்ளைக்கு அது போதவில்லை. மதராஸிலிருந்து எழுதிவிட்டான்: இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில், மலையில் ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டுமாம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடாயிற்று. நல்ல சாரல். நயினார் ஐந்தருவி ரோட்டில் ஒரு பங்களா எடுத்து, மனைவியையும் மகளையும் குளிக்கக் கூட்டி வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். பெண் பார்க்கிற சடங்கெல்லாம் முன்பே முடிந்திருந்தது. அன்றைக்குப் பார்க்க வேண்டியது கார் மட்டும்தான்.

காலையில் நான் அமெரிக்க வண்டியோடு பங்களாவுக்குப் போனேன். சிவசைலநாதன் வெள்ளைப் பேண்ட் போட்டு, கையில் தோல் அட்டை போட்ட சின்ன நோட்டோடு நின்றான். வண்டியை மூன்று சுற்று சுற்றினான். டயரை உதைத்தான். உதைத்தால் டயர் என்ன சொல்லும் என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

"இஞ்சின், கம்ஃபர்ட், குவாலிட்டி, வேல்யூ. நாலு ஹெட்டிங். ஒவ்வொண்ணுக்கும் இருபத்தஞ்சு மார்க்" என்றான் என்னிடம்.

"சரிங்க."

"பின் சீட்ல வெயிட் இல்லேன்னா ஸ்பிரிங் எப்படின்னு தெரியாது. லேடீஸையும் வரச் சொல்லுங்க."

அதைக் கேட்டு நயினாருக்கு ஒரே சந்தோஷம். மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே ஓடிப் போய் மனைவி மங்களேஸ்வரியம்மாளையும் மகள் குழல்வாய்மொழியையும் அழைத்து வந்தார். அந்தப் பெண் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்திருந்தாள். மில் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தகராறு என்று சொல்வாள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவள் வெளியே வந்தபோது மாப்பிள்ளை குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறச் சொல்லுங்க" என்றான் குனிந்தபடியே. இருவரும் ஏறினார்கள். நயினாரும் ஏறினார். "ம், ரெண்டு இஞ்ச் இறங்குது" என்று நோட்டில் எழுதினான்.

நான் ஓட்டினேன். எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, அவனுக்குப் பக்கத்தில் பண்ணையார். செங்கோட்டை தாண்டிப் புளியறை வரை நன்றாகவே போனது. செக்போஸ்டைக் கடந்து மலையேற ஆரம்பித்ததும் வளைவுகள் வந்தன. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. மூன்றாவது வளைவில் மங்களேஸ்வரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வண்டியை ஓரம் கட்டினேன். அவள் இறங்கிச் சரிவோரமாக வாந்தி எடுத்தாள். மகள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினான். நலம் விசாரிக்கப்போகிறான் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அவங்களுக்குக் குமட்டல் எந்த வளைவுல ஆரம்பிச்சது? ரெண்டாவதா, மூணாவதா?"

அவனே மூன்று என்று எழுதிக்கொண்டான். கம்ஃபர்ட்டில் நாலு மார்க் குறைந்தது.

ஆரியங்காவு வரை போய்த் திரும்பினோம். பங்களாவில் சாப்பாடு. பண்ணையார் இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். மங்களேஸ்வரியம்மாள் மோர் மட்டும் குடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அதற்குள் வக்கீலின் டிரைவர் இங்கிலீஷ் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

"அம்மா படுத்திருக்கட்டும். இப்ப நாம மட்டும் போயிட்டு வருவோம்" என்றேன் நான்.

சிவசைலநாதன் நான் ஏதோ கணக்கில் தப்புச் செய்த மாதிரி என்னைப் பார்த்தான். "அதெப்படி? அதே வெயிட், அதே ரோடு இருந்தாத்தானே கம்பேர் பண்ண முடியும்? இல்லேன்னா காலைல போனதே வேஸ்ட்."

நயினார் மனைவியிடம் போய், "ஒரு அரைமணி நேரந்தான், பல்லக் கடிச்சிட்டு வா" என்றார். அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷமாக அவர் சொன்னதற்கெல்லாம் அப்படித்தான் எழுந்து வந்திருப்பாள்.

இந்தத் தடவை மாப்பிள்ளையே ஓட்டுவேன் என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், எனக்கு அடுத்துப் பண்ணையார். சமவெளியில் பாதகமில்லை. மலையில் ஏறும்போது டாப் கியரிலேயே மிதித்தான். வண்டி திணறியது. "கியர மாத்துங்க" என்றேன். "டார்க் பாக்கணும்" என்றான், இஞ்சினின் இழுவையை. பின்னாலிருந்து அந்தப் பெண், "இஞ்சின் தட்டுது" என்று மெல்லச் சொன்னாள். அது அவன் காதில் விழுந்தது. ஆனால் கியரைத் தொடவில்லை. இரண்டு பர்லாங் போவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது.

சாரல் கனத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இறங்குமுன் திரும்பி, நோட்டைக் குழல்வாய்மொழியிடம் நீட்டினான். "இதை நனையாம வச்சுக்கோ" என்றான். அவளிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சூடுதான். முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

அவன் யோசித்தான். "லோடைக் குறைச்சா மறுபடியும் ஏறுதான்னு பாக்கலாம். லேடீஸ் இறங்கி மெதுவா நடந்து புளியறைக்குப் போகட்டும். இறக்கந்தானே? டீக்கடைல இருக்கச் சொல்லுங்க. நாம வர்ற வழியில ஏத்திக்கலாம்."

லோடைக் குறைக்கவேண்டுமென்றால் பண்ணையாரை இறக்கினால் போதும். அவர் ஒருவரே அந்த இரண்டு பெண்களின் எடை இருப்பார். அவர் அசல் தோல் சீட்டில் சாய்ந்துகொண்டு, "நல்ல யோசனை" என்றார். நயினார் என் முகத்தைப் பார்த்தார். நான் 'வேண்டாம் அண்ணாச்சி' என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குப் பேசியிருந்த கூலி பெரிய கூலி. ஓடையில் தண்ணீர் எடுக்க வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். மற்றவர்களைச் சொல்கிற வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்தபோது தாயும் மகளும் ஒரே குடையில் வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். குடை அம்மா தலைக்கு மேல்தான் இருந்தது. மகள் வலது பக்கம் முழுக்க நனைந்து, இடது கையில் எதையோ முந்தானைக்குள் அணைத்தபடி நடந்தாள்.

நாங்கள் புளியறைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. செக்போஸ்டுக்குப் பக்கத்து டீக்கடையில், லாரிக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில், இருவரும் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மரத்தடி ஏற்றிய ஒரு லாரி நின்றது. அதன் டிரைவர் கிதிர் முகம்மது, எனக்குப் பழக்கம்.

"மச்சான், இந்த அம்மாவ மழைல நடக்க விட்டது நீங்கதானா?" என்று என்னிடம் கேட்டான். "தலை சுத்தி ரோட்டோரம் உக்காந்துட்டாக. நாந்தான் கேபின்ல ஏத்திட்டு வந்தேன்."

பண்ணையாரின் முகம் மாறியது. "லாரிலயா?" என்றார். "லாரில ஏறுனாகளா?"

நயினார் பதறிப்போய், "மழைல, வேற வழி இல்லாம..." என்று இழுத்தார். லாரியில் ஏறியதற்கு மன்னிப்புக் கேட்கிறார்! மழையில் இறக்கிவிட்டதற்கு யார் கேட்பது?

"சரி சரி, பாத்தவுக யாரும் இல்லைல்லா" என்று பண்ணையார் பெரிய மனது பண்ணினார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து டீயும் வடையும் சொன்னார். பிறகு மகனைப் பார்த்து, "என்னடே, எந்த வண்டி?" என்றார்.

"கிட்டத்தட்ட சமமாத்தான் வரும்னு நினைக்கேன். கூட்டிப் பாக்கணும்."

"சமமா வந்தா ரெண்டையும் குடுத்திர வேண்டியதுதான். ஒண்ணு மதராஸுக்கு, ஒண்ணு கடையத்துக்கு" என்று சொல்லிவிட்டுப் பண்ணையார் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

நயினாரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

சிவசைலநாதன் குழல்வாய்மொழி பக்கம் கையை நீட்டினான். "நோட்?"

அவள் முந்தானைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு பொட்டு நனைந்திருக்கவில்லை. ஆனால் அதைக் கொடுக்கவில்லை.

"நானே கூட்டிச் சொல்லுதேன்" என்றாள். "அமெரிக்க வண்டி, இஞ்சின் இருபத்திரண்டு, கம்ஃபர்ட் பதினெட்டு, குவாலிட்டி பதினாறு, வேல்யூ பதினைந்து. மொத்தம் எழுபத்தொண்ணு. இங்கிலீஷ் வண்டிக்கு இன்னும் பாதி போடல. முன்னால உள்ள பக்கத்துல வேற மார்க் இருக்கு. அதையும் வாசிக்கேன்."

"அது வேற. அதைக் குடு" என்று அவன் எழுந்தான்.

"நனைஞ்சிருக்கான்னு பாக்கத்தான் தொறந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கடைக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள். "கல்லிடைக்குறிச்சி. தோற்றம் இருபத்திமூணு, படிப்பு பத்து, குடும்பம் இருபது, வேல்யூ எட்டு. குறிப்பு: தகப்பனார் கார் தர மறுப்பு. சங்கரன்கோவில். தோற்றம் இருபது. குறிப்பு: தங்கைகள் மூணு பேர், பிற்காலச் செலவு. வாசுதேவநல்லூர்."

அங்கே நிறுத்தி, பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

"வாசுதேவநல்லூர். தோற்றம் பன்னிரண்டு. குறிப்பு: நிறம் சுமார். குரல் தடிப்பு. தாயார் நாட்டுப்புறம், மதராஸுக்கு வரவிடக் கூடாது. ஆனால் கார் உறுதி."

கடையில் லாரிக்காரர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருவரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்த மலையாளத்துச் சேட்டன் ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

சிவசைலநாதன், "இது பர்சனல் டயரி. அடுத்தவங்க டயரியைப் படிக்கிறது மேனர்ஸ் இல்லை" என்றான். மேனர்ஸைப் பற்றிப் பேச அவனுக்கு அந்த இடம்தான் கிடைத்தது.

நயினார் மகளிடம் போய்க் குனிந்து, "குடுத்திரும்மா. ஆம்பளப் பிள்ளை ஏதோ வெளையாட்டா எழுதி வச்சிருக்காரு. வெளி ஆளுக பாக்காக" என்றார்.

அப்போதுதான் மங்களேஸ்வரியம்மாள் எழுந்தாள். காலையிலிருந்து அவள் என் காதுபட ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷனைப் பார்க்காமல் கிதிரைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, லாரி தென்காசிக்குத்தான போவுது?"

"ஆமாம்மா. மரக்கடைக்கு."

"எங்கள பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுவியா?"

"ஏய், என்ன பேசுத?" என்றார் நயினார். "காரு நிக்கும்போது லாரில போவியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். காலைல ஒரு கார்ல ஏத்துனிய, கொடலு வெளிய வந்துச்சு. மத்தியானம் இன்னொரு கார்ல ஏத்துனிய, மழைல எறக்கி விட்டிய. இந்தப் பிள்ளை லாரிய நிறுத்தி, 'ஒடம்புக்கு என்னம்மா'ன்னு கேட்டுச்சு. நீங்க கேட்டியளா? அந்த நோட்டுல எழுதியிருக்கது அவருக்கு வெளையாட்டு, செரி. நீங்க எதுக்குச் சிரிச்சிய?"

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி குழலு, அந்த நோட்டக் குடுத்திரு. அது நமக்கு எதுக்கு?"

குழல்வாய்மொழி நோட்டைப் பெஞ்சில் வைத்தாள். லாரியில் ஏறப் போகும்போது என் பக்கத்தில் நின்றாள். "கனி அண்ணே, நெசமாச் சொல்லுங்க. ரெண்டு வண்டில எது நல்ல வண்டி?"

"ரெண்டுமே நல்ல வண்டிதான் தாயி" என்றேன். அதைச் சொல்லும்போது என்னால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தண்ணி எடுக்கப் போனீங்களே, அதுக்கு முன்னால எங்கள எறங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். கிதிர் கதவைச் சாத்தினான். லாரி புறப்பட்டது.

நயினார் லாரியின் பின்னாலேயே நாலு எட்டு ஓடினார். பிறகு நின்று, பண்ணையாரைத் திரும்பிப் பார்த்தார். பண்ணையார் வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து அந்தச் சட்னிதான் நயினாரை முடிவு செய்யவைத்தது. செங்கோட்டைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பிறகு ஒரு பஸ்ஸை மறித்து ஏறிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் இங்கிலீஷ் வண்டியை வக்கீல் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் தகப்பனும் மகனும் பேசிக்கொண்டு வந்தது, அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சமும் நாகரிகம் கிடையாது என்பதைப் பற்றி. அன்றைய கூலியை நயினார் ஆள் மூலம் கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

நயினார் கார் வாங்கவே இல்லை. மனைவி அவரோடு ஒழுங்காகப் பேச இரண்டு மாதமாயிற்று என்று மில்லில் சொன்னார்கள். குழல்வாய்மொழி மறுவருஷம் பி.டி. படிக்கப் போனாள். இப்போது சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 1962இல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறவர். அதிகம் பேசாத மனிதர். எனக்கும் கிதிருக்கும் பத்திரிகை வந்திருந்தது. சாப்பாடு பிரமாதம்.

சிவசைலநாதனுக்கு அந்த வருஷம் தையிலேயே வேறு இடத்தில் முடிந்துவிட்டது. மாமனார் இங்கிலீஷ் வண்டியை வாங்கிக் கொடுத்தார். சீசனுக்கு அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் அது என் ஒர்க்ஷாப்புக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் அவனே ஓட்டி வருவான். தோல் சீட்டில் கீறல் விழக்கூடாது என்று பின்சீட்டுக்குத் தடித்த காடாத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தான். எட்டு வருஷமாக அந்த வண்டிக்கு ஆயில் மாற்றுகிறேன். அவன் பெண்டாட்டி எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள்கூட அவளை அந்தக் காரில் நான் பார்த்ததில்லை.